டீச்சரிடம் கேளுங்கள்: கானாவுக்குப் போன பணியாரக் கல்

போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தேன். வருடத்தில் பாதி நாள் நான் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊரில் மகள் வீட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பக்கத்து வீட்டில் ஒரு தம்பதி. அவருக்கு 68, அந்த அம்மாவுக்கு 66. வீட்டைப் பூட்டி, சாவியையும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பொறுப்பையும் எங்களிடம் கொடுத்துவிட்டு, மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்குப் பதினெட்டு மாதம் மிஷனரிகளாகப் போய்வந்தார்கள். போகும்போது அந்த அம்மா என்னுடைய குழிப்பணியாரக் கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார் என்றும் எழுதினேன். அவ்வளவுதான். கடிதங்களும் வாட்ஸாப் செய்திகளும் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான். கண் ஆபரேஷன் பற்றியும் பென்ஷன் பற்றியும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் எழுதுகிறேன்.

நாசரேத்திலிருந்து ஒரு வாசகி: இந்த வயதில் மிஷனரியா? எந்தச் சபை அனுப்புகிறது? சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சபை, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் ஆரம்பித்தது, தலைமையிடம் சால்ட் லேக் சிட்டி. உலகம் இவர்களை மார்மன் என்று சொல்கிறது, ஆனால் அந்தப் பெயரைத் தவிர்க்கும்படி 2018-இல் சபையே கேட்டுக்கொண்டது. திரித்துவம் முதற்கொண்டு பல விஷயங்களில் அவர்கள் உபதேசமும் நம் சபைகளின் உபதேசமும் ஒத்துப்போகாது. அதை மறைத்து நான் எழுதவில்லை, விவாதிக்கவும் வரவில்லை.

வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப் பட்டை, இரண்டிரண்டு பேராக நடந்துபோகும் இளைஞர்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பையன்கள் இரண்டு வருடம், பெண்கள் ஒன்றரை வருடம் ஊழியம் செய்கிறார்கள். அந்தச் சபையில் ரிட்டையர் ஆன தம்பதிகளும் இப்படிப் போகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டில் அவர்களை நம்பி வளர்கிற பிள்ளைகள் இருக்கக் கூடாது, உடம்பு ஒத்துழைக்க வேண்டும், ஆறு மாதம் முதல் சுமார் இரண்டு வருடம் வரை போகலாம். போகிற ஆணுக்கு எல்டர், பெண்ணுக்கு சிஸ்டர் என்று பட்டம். வேடிக்கை என்னவென்றால் 18 வயதுப் பையனும் எல்டர்தான், எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் எல்டர்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: சம்பளமும் இல்லை என்றால் யார் பணம்? கணக்கைச் சொல்லுங்கள்.

வங்கிக்காரர் வேறு என்ன கேட்பார்! அவர்கள் பணம்தான். ஓய்வூதியம், சேமிப்பு, சில பேருக்குப் பிள்ளைகள் கொடுப்பது. வெளிநாட்டில் வீட்டு வாடகை ஊருக்கு ஊர் ஏறியிறங்கும் என்பதால் 2011-இல் சபை ஒரு உச்சவரம்பு வைத்தது: தங்குமிடச் செலவாக ஒரு தம்பதி மாதம் 1,400 டாலர் வரை கொடுத்தால் போதும், அதற்கு மேலே போனால் சபை பார்த்துக்கொள்ளும். சாப்பாடு, மருந்து, கைச்செலவு எல்லாம் தனி. இளைஞர்களுக்கு வேறு கணக்கு. எந்த நாட்டுக்குப் போனாலும் குடும்பம் ஒரே தொகையைக் கட்டும், 2020 ஜூலையிலிருந்து அது அமெரிக்காவில் மாதம் 500 டாலர்.

முக்கியமான இன்னொன்று: அமெரிக்க முதியவர்களுக்கான மெடிகேர் காப்பீடு நாட்டைத் தாண்டினால் பெரும்பாலும் செல்லாது. அதனால் வெளிநாட்டுக்கென்று தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இவ்வளவையும் ஒரு மஞ்சள் நோட்டில் பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருந்தார், கானாவுக்குப் போவதற்கு நாலு வருடத்துக்கு முன்னாலிருந்தே. பழைய டிரக் வண்டியை மாற்றாமல் ஓட்டியது அதற்காகத்தான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் அவரைக் கஞ்சர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பதி: எந்த நாட்டுக்குப் போவது என்று அவர்களே முடிவு செய்யலாமா?

ஆசையைச் சொல்லலாம். முடிவு சால்ட் லேக் சிட்டியில். நம் பக்கத்து வீட்டுத் தாத்தா (இப்படியே சொல்லிவிடுகிறேனே) இருபது வயதில் ஜெர்மனியில் ஊழியம் செய்தவர், இன்னும் கொஞ்சம் ஜெர்மன் வரும், அதனால் பெர்லின் பக்கம் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அழைப்பு வந்த அன்று சாயங்காலம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பதினாறு பேர் வீட்டில். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் உலக வரைபடம் மாட்டி, எந்த நாடு என்று ஆளுக்கொரு குண்டூசி குத்தச் சொன்னார்கள். என் பேரன் சென்னையில் குத்தினான். கடிதத்தை அந்த அம்மாதான் வாசித்தார். கானா, அதன் தலைநகர் அக்ரா என்றதும் ஒரு விநாடி சத்தமே இல்லை, அப்புறம் ஒரே கூச்சல். தாத்தா கைதட்டினார், ஆனால் முகத்தில் ஜெர்மனி கைவிட்டுப் போன வருத்தம் தெரிந்தது. அவர் மறைக்கத் தெரியாத மனிதர்.

அதற்குப் பிறகு எல்லாம் சடசடவென்று நடந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள், மலேரியா மாத்திரை, பல் டாக்டர், உயில். யூட்டாவிலேயே ப்ரோவோவில் இருக்கிற மிஷனரி பயிற்சி மையத்தில் சில நாள் வகுப்பு. பிறகு ஆளுக்கு இரண்டு பெட்டியோடு விமானம்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்: காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்வார்கள்? தெருத்தெருவாகப் பிரசங்கமா?

இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். வீடு வீடாகக் கதவைத் தட்டுவது மூத்த தம்பதிகளிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. இளைஞர்களுக்குள்ள கெடுபிடியும் இவர்களுக்கு இல்லை. எத்தனை மணிக்கு எழ வேண்டும், யாரோடு பேசலாம் என்றெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள். அலுவலகக் கணக்கு, ஆஸ்பத்திரி உதவி, பள்ளிக்கூடம், கிணறும் சக்கர நாற்காலியும் கொடுக்கிற நிவாரண வேலை, பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் படம் எடுத்து வைப்பது, கோயில் வேலை (கோயில் என்றால் ஞாயிறு வழிபாட்டு ஆலயம் இல்லை, விசேஷச் சடங்குகளுக்கான தனிக் கட்டடம்), சிறிய சபைகளில் உள்ளூர்த் தலைவர்களுக்குத் துணையாக இருப்பது, இப்படிப் பல.

இவர்களுக்குக் கிடைத்தது அலுவலகம். தாத்தா இங்கே கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) சாலைப் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே அவருக்கு வண்டிகளும் வீடுகளும். இளைஞர்கள் தங்குகிற ஃபிளாட்டுகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அதற்கு வீட்டுக்காரரைப் பார்த்துப் பேச வேண்டும், குழாய் ஒழுகினால் ஆள் பிடிக்க வேண்டும், ஜெனரேட்டர் ஓடுகிறதா, தண்ணீர் வடிகட்டி அடைத்திருக்கிறதா, கொசுவலையில் ஓட்டையா, எல்லாம் இவர் தலையில். கானாவில் வீட்டுக்காரர்கள் ஒரு வருடம், இரண்டு வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்பது சர்வசாதாரணம். மாத வாடகை கொடுத்தே பழகிய மனிதருக்கு முதல் தடவை மயக்கமே வந்துவிட்டதாம். மின்சாரம் போய்ப் போய் வருவதற்கு அந்த ஊரில் ஒரு பெயரே உண்டு, தும்சோர். அணைப்பு, ஏற்றல் என்று இரண்டு சொல்லைச் சேர்த்துக் கட்டியது. நம் ஊரில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நாமும் இப்படி ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கலாம்.

அந்த அம்மா பள்ளிக்கூட உணவு விடுதியில் கணக்கு எழுதியவர். அங்கே அலுவலகச் செயலாளர், அதோடு பாதி நர்ஸ். நர்ஸ் படிப்பு எதுவும் கிடையாது, காய்ச்சல் என்று பையன்கள் முதலில் போன் செய்வது இவருக்குத்தான், இவர் டாக்டரைக் கேட்டுச் சொல்வார். நைஜீரியாப் பையன், காங்கோப் பையன், அமெரிக்காவில் ஐடஹோவிலிருந்து வந்த பையன், எல்லாருக்கும் 19, 20 வயது. மாதம் ஒருமுறை இவர்கள் இரண்டு பேரும் ஃபிளாட் ஃபிளாட்டாகப் போய் சுத்தம் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் வாணலியைத் திறந்தால் உள்ளே பச்சையாகப் பூசணம், ரோமம் முளைத்தது மாதிரி. "எலிக்குட்டி என்று நினைத்து மூடிவிட்டேன்" என்றார் அந்த அம்மா. திட்டவில்லை. அடுத்த வாரம் அதே வாணலியைத் தேய்த்து அதிலேயே பான்கேக் சுட்டுக் கொடுத்துவிட்டு வந்தாராம். சுத்தமாக வைத்திருந்த வீட்டுக்கு மட்டும்தான் பணியாரம். அதை இங்கே தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் போட்டு நான் சுடக் கற்றுக்கொடுத்தேன். அக்ரா முழுக்கப் பையன்கள் என் பணியாரத்துக்காக வீடு கூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: நியூஜெர்சிக்கு மூன்று பிரசவத்துக்கும் ஆறாறு மாதம் போய் வந்தவள் நான். பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு ஒன்றரை வருடம் போக இவர்களுக்கு மனசு எப்படி வந்தது? கல் நெஞ்சா?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்சநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் நானும் உங்கள் கட்சிதான். ஆறு மாத விசாவில் போகிறோம், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறோம், சாம்பார் வைக்கிறோம், பனியில் வெளியே போக முடியாமல் ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம், திரும்புகிறோம். நாம் பேரனுக்காகக் கடல் தாண்டுகிறோம். அவர்கள் பேரனை விட்டுவிட்டுக் கடல் தாண்டுகிறார்கள். முதலில் எனக்கும் அது பிடிக்கவில்லை. அதிலும் அவர்கள் அங்கே போன நாலாவது மாதம் கடைசி மகளுக்குப் பிரசவம். சொந்தச் செலவில் ஒரு வாரம், பத்து நாள் வந்துபோக மூத்த தம்பதிகளுக்கு அனுமதி உண்டு, ஆனால் வரவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டு அம்மா வாட்ஸாப்பில்தான் பார்த்தார்.

திரும்பி வந்த பிறகு நான் நேராகவே கேட்டேன், நமக்கு என்ன கூச்சம். "முதல் ஆறு வாரம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்று. பிறகுதான் தெரிந்தது, அவரும் வண்டியைத் துடைக்கிறேன் என்று கீழே போய் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்" என்றார். ஆக, கல் நெஞ்சு இல்லை.

இன்னொன்றும் சொன்னார். இங்கே இருந்தபோது பிள்ளைகள் ஐந்து பேரும் இவரை அன்பாகத்தான் வைத்திருந்தார்கள், ஆனால் யாருக்கும் இவர் அவசரமாகத் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவார்கள், போவார்கள். அங்கே ராத்திரி பதினோரு மணிக்குப் போன் அடிக்கும், 39 டிகிரி காய்ச்சல் சிஸ்டர் என்று ஒரு பையன் நடுங்கிக்கொண்டு பேசுவான். அந்தப் பையனின் அம்மா எங்கோ காங்கோவில், கின்ஷாசாவில் இருப்பாள்.

நாம் நியூஜெர்சிக்குப் போவதும் இதே காரணத்துக்குத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். குழந்தைக்காக என்று சொல்லிக்கொள்கிறோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள், கோபமாக எழுதினாலும் பரவாயில்லை.

பெயர் வேண்டாம் என்று சொன்ன ஒரு வாசகி, சென்னை: என் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகி மூன்று மாதம். இப்போதே முடியவில்லை. அவர்கள் எப்படி 24 மணி நேரமும் ஒன்றாக?

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் நல்ல கேள்வி. கொசு, வெயில், சாப்பாடு எதையும் அந்த அம்மா எனக்குப் பெரிய கஷ்டமாகச் சொன்னதில்லை. இதைத்தான் சொன்னார்.

நாற்பது வருடம் காலையில் ஆறரைக்கு வெளியே போய்ச் சாயங்காலம் திரும்பிய மனிதர். நடுவில் ஐந்து பிள்ளைகள். இப்போது இரண்டு அறை ஃபிளாட், ஒரே அலுவலகம், ஒரே கார், சமையலறை ஒருவர்தான் நிற்கலாம். பேச்சுத்துணைக்கு வேறு யாரும் கிடையாது. காரில்தான் முதல் சண்டை. அக்ரா போக்குவரத்தில் ட்ரோட்ரோ என்கிற மினி வேன்கள், நம் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன், மேட் என்று அழைக்கப்படும் கண்டக்டர் பையன் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கத்துவான். எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவார்கள். தாத்தா ஓட்டுவார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். ஒரு நாள் நடுரோட்டில் தாத்தா வண்டியை நிறுத்தி, இறங்கி, சாவியை இவர் மடியில் வைத்துவிட்டுப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாராம். பின்னால் இருபது வண்டி ஹாரன். இவர் ஓட்டினார். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி இவர்தான் டிரைவர்.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் ஒருவர் கண்ணில் ஒருவர் படக் கூடாது. தாத்தா மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டார். இவர் உள்ளே. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு சுகமாக இருந்தது என்றார்.

இதில் நான் கவனித்தது வேறு ஒன்று. இங்கே இவர் யாருடையவோ மனைவி, யாருடையவோ அம்மா. அங்கே சட்டையில் இவருக்கென்று தனிப் பெயர்ப் பட்டை, தனி மேஜை, தனி வேலை. பையன்கள் அனுமதி கேட்பது இவரிடம். அவருக்கோ தலைகீழ். இங்கே நாற்பது பேரை வேலை வாங்கியவர், அங்கே தன்னைவிட பதினைந்து வயது சின்னவரான மிஷன் தலைவர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் தாத்தா சிடுசிடு என்று இருந்ததற்கு வெயில் காரணமில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கும் மூன்று மாதமாக மேஜை இல்லை, அதை யோசியுங்கள். கானாவுக்கு அனுப்ப வேண்டாம், வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் ஏதாவது ஒரு நாற்காலி, காலை பத்து முதல் ஒன்று வரை. நூலகம், கோயில் கமிட்டி, கூட்டுறவு சங்கம், எதுவானாலும் சரி. மாடியில் நாற்காலி வைக்க இடம் இருந்தால் அதுவும் நல்லதே.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: சுற்றி வளைக்காதீர்கள் டீச்சர். கடைசியில் மதம் மாற்றத்தானே போகிறார்கள்?

ஆமாம், அதுவும் சேர்த்துத்தான். அந்தச் சபை அதை ஒளித்து வைக்கவில்லை, நானும் ஒளிக்கவில்லை.

கானாவின் கதையைச் சொல்கிறேன், அதில் உங்களுக்கும் எனக்கும் யோசிக்க இருக்கிறது. 1978 ஜூன் வரை அந்தச் சபையில் கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் (அங்கே சாதாரண ஆண் உறுப்பினர்களுக்கும் கொடுக்கிற சபைப் பொறுப்பு) கொடுப்பதில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம், என் பக்கத்து வீட்டுத் தாத்தாவே அப்படித்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பல வருடம் முன்னாலேயே, 1964 முதல், கானாவில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்பவர் கைக்குக் கிடைத்த அந்தச் சபைப் புத்தகங்களைப் படித்து, தானாகவே ஒரு சபை கூட்டி, ஆள் அனுப்புங்கள் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நைஜீரியாவில் அந்தோனி ஒபின்னாவும் அப்படியே. தடை நீங்கியதும் 1978 நவம்பரில் முதலில் அனுப்பப்பட்டது யார் தெரியுமா? இரண்டு மூத்த தம்பதிகள்: ரெண்டல் மேபி, ரேச்சல் மேபி, எட்வின் கேனன், ஜனத் கேனன். நவம்பர் 21 அன்று நைஜீரியாவில் ஒபின்னா உட்பட 19 பேருக்கு ஞானஸ்நானம், டிசம்பரில் கானா. ஆக, மாற்றப்போனார்களா, காத்திருந்தவர்களிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்களா என்பது நீங்கள் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிறகு 1989 ஜூனில் கானா அரசு அந்தச் சபையின் நடவடிக்கைகளுக்கே தடை போட்டது, 1990 நவம்பரில்தான் விலக்கியது. அவ்வளவு காலமும் உள்ளூர்க்காரர்கள் வீடுகளுக்குள் வழிபட்டுத் தாக்குப்பிடித்தார்கள். 2004 ஜனவரியில் அக்ராவில் கோயில் திறந்தாயிற்று.

எனக்கு உறுத்துவது மதம் மாறுவது இல்லை, யார் மேலே யார் கீழே என்பது. நம் வெள்ளாளன்விளை வி. எஸ். அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே சொன்னாரே, நீங்கள் ஏழைகளுக்கு உணவு கொடுத்தீர்கள், உடலையே கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று. அந்த அளவுகோலைத்தான் நான் பக்கத்து வீட்டுக்காரர்கள்மேல் வைத்துப் பார்த்தேன். அலுவலகத்தில் வேலை பார்த்த கானாப் பெண் அந்த அம்மாவுக்கு அகோசுவா என்று பெயர் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண்ணுக்கு அங்கே அந்தப் பெயர். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் மாதிரி. இன்றும் அந்தப் பெண் வாரம் ஒருமுறை போன் செய்கிறாள், தாத்தாவின் முட்டி வலியைப் பற்றிக் கேட்கிறாள். எல்லாத் தம்பதிகளும் இப்படி இருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வருடம் போய்விட்டு வந்து ஆப்பிரிக்கா முழுவதற்கும் நிபுணராகப் பேசுகிறவர்களையும் அதே தெருவில் பார்க்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: இந்தியாவோடு இவர்களுக்குத் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் பழசு. 1853-லேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மிஷனரி மதராஸில் வந்து இறங்கினார், அதிகம் பேர் காது கொடுக்கவில்லை, மறு வருடமே கிளம்பிவிட்டார். நம் கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் 1965-இல் அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். தம்பதி என்று பார்த்தால் எட்வின் தர்மராஜு, எல்சி தர்மராஜு. பூச்சியியல் நிபுணரான அவர் சமோவாவில் வேலை பார்த்த இடத்தில் குடும்பமாக அந்தச் சபையில் சேர்ந்தார்கள். 1978 டிசம்பரில் இரண்டு பேரும் ஹைதராபாத்துக்கு மிஷனரிகளாக வந்தார்கள், சொந்தக்காரர்கள் 22 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். மேபிகளும் கேனன்களும் ஆப்பிரிக்காவில் இருந்த அதே மாதம்.

சபையை விட்டுத் தள்ளிப் பார்த்தால் எனக்குப் பிடித்தவர் லில்லியன் கார்ட்டர், பிறகு அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் அம்மா. கணவரை இழந்து, 68 வயதில், 1966-இல் அமைதிப்படை என்கிற அமெரிக்கத் தன்னார்வத் திட்டத்தில் சேர்ந்து பம்பாய் பக்கத்தில் விக்ரோலியில் நர்ஸ் வேலை பார்த்தவர். தனியாக வந்தவர், பின் சீட்டில் போய் உட்கார ஆள் இல்லை.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: என் சித்தப்பா அமெரிக்கக் குடிமகன், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுப்பது) வைத்திருக்கிறார். ரிட்டையர் ஆகி ஊரில் வந்து ஊழியம் செய்ய ஆசைப்படுகிறார். செய்யலாமா?

சித்தப்பாவிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 2021 மார்ச்சில் மத்திய உள்துறை வெளியிட்ட அறிவிப்பின்படி, ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் மிஷனரி வேலை செய்ய முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலோ அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ விண்ணப்பிக்கலாம். ஊருக்கு வருவது, கோயிலுக்குப் போவது, சொந்தக்காரர்களைப் பார்ப்பது, இதற்கெல்லாம் தடை இல்லை. சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்வது கூடவே கூடாது. நல்ல வக்கீலைப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

சாயர்புரத்திலிருந்து ஒரு வாசகி: அங்கே உடம்புக்கு ஏதாவது ஆனால்?

பெரிதாக ஏதாவது என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், ஊழியம் அதோடு முடிந்தது. இவர்களுக்குத் தாத்தாவின் முட்டி வலியும், அந்த அம்மாவுக்கு ஒரு தடவை மலேரியாவும்தான். ஆனால் தாத்தாவின் அண்ணன் இங்கே காலமானார். அடக்கத்துக்கு வர நேரம் கூடிவரவில்லை, கணினித் திரையில் பார்த்தார்கள், அங்கே அப்போது இரவு. பாதியில் தும்சோர். இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து, அண்ணன் சின்ன வயதில் செய்த குறும்புகளை அவர் சொல்லச் சொல்ல இவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதுவரை அவர் சொல்லாத கதைகள்.

இடையன்குடியிலிருந்து ஒரு வாசகி: திரும்பி வந்து எப்படி இருக்கிறார்கள்? முக்கியமாக, பணியாரக் கல் திரும்பி வந்ததா?

வந்த புதிதில் தாத்தா லைட் போட்டுவிட்டு எரிகிறதா என்று ஒரு விநாடி அண்ணாந்து பார்ப்பார். கடையில் மக்காச்சோள மாவைப் பார்த்தால் அந்த அம்மா கென்கே செய்யலாமா என்பார். புளிக்க வைத்த சோளமாவைச் சோளத் தோகையில் சுற்றி வேகவைப்பது, நம் கொழுக்கட்டைக்குப் புளித்த தங்கை. ஒரு நாள் செய்தும் பார்த்தார், தோகை அவிழ்ந்து கஞ்சியாகிவிட்டது. வீட்டுச் சாவியை வாங்க வந்த அன்று என் மகள் ஞாபகமில்லாமல் இடது கையால் நீட்டினாள், வலது இடுப்பில் குழந்தை. அந்த அம்மா கையை நீட்டாமல் சிரித்துக்கொண்டே நின்றார். கானாவில் இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் மட்டும் என்ன வாழுதாம், என் மகள்தான் அமெரிக்காவில் அதை மறந்துவிட்டாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வலது கையால் கொடுத்தாள்.

கல் வரவில்லை. அகோசுவா என்று பெயர் வைத்த அந்தப் பெண் கேட்டாளாம், இவரும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அவள் அதில் கறுப்புக்கண் பயறு அரைத்து, வெங்காயம் மிளகாய் போட்டுச் சுட்டுப் படம் அனுப்பியிருந்தாள். நன்றாகச் சிவந்திருந்தது, ஆனால் குழிக்கு எண்ணெய் அதிகம். ஒரு பக்கம் வெந்ததும் குச்சியால் திருப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன்.